16 ஜிபி ராம் இருக்கே மாமா, அப்புறம் ஏன் லேக் அடிக்குது?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அக்கா பையன் போன் பண்ணான். "மாமா, இன்னொரு 16 ஜிபி ராம் போடணும், அம்மாகிட்ட காசு கேட்டா மாமாவைக் கேட்டுட்டு வான்னு சொல்றாங்க, நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்"ங்கறான். 2025 கடைசில ஏஐ சர்வருக்குன்னு உலகத்துல இருக்கற மெமரி சிப்பெல்லாம் அந்தப் பக்கம் போக ஆரம்பிச்சதுல ராம் விலை எகிறிப் போச்சு, இப்ப போய் ராம் வாங்கறேங்கறானேன்னு எனக்கு பக்குன்னுச்சு. எதுக்குடான்னு கேட்டா கேம் லேக் அடிக்குதாம்.

இந்த மெஷின் நான் அசெம்பிள் பண்ணது இல்ல. அப்ப நான் ஊர்ல இல்ல, அவனும் அவன் ஃப்ரெண்டும் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஏறி இறங்கி ஒரு கடைல கொட்டேஷன் வாங்கி முடிச்சுட்டாங்க. அந்தக் கொட்டேஷனை அப்புறமா தான் பாத்தேன், "மெமரி 20 ஜிபி"ன்னு ஒரு வரி இருந்துச்சு. என்னடா இது 20, யாருமே விக்காத அளவா இருக்கேன்னு பாத்தா, ராம் 16, கிராபிக்ஸ் கார்டுல 4, ரெண்டையும் கூட்டிப் போட்டுருக்காங்க! வீட்டுல இருக்கற தண்ணியையும் ஸ்கூட்டர்ல இருக்கற பெட்ரோலையும் கூட்டி மொத்தம் இவ்ளோ லிட்டர்னு சொல்ற மாதிரி.

சரி, கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து போட்டோ எடுத்து அனுப்புன்னேன். அனுப்புனான். ராம் 15.9ல 11.2 தான் போயிருக்கு, நாலு ஜிபிக்கு மேல சும்மா கிடக்குது. அப்புறம் ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் சிப் பக்கம் பாத்தா மூணு நம்பர். டெடிகேட்டட், அதாவது கார்டுலயே இருக்கற மெமரி, 4.0ல 3.8. ஷேர்டு 7.9ல 2.6. மொத்த ஜிபியு மெமரி 11.9ல 6.4. பையன் அந்த 11.9ஐ பாத்துட்டு "எனக்கு 12 ஜிபி கிராபிக்ஸ் மாமா, பாதி கிட்ட தான் ஆகிருக்கு"ங்கறான். அவன் மேல தப்பே சொல்ல முடியாது, விண்டோஸ் அப்படி தான் காட்டுது.

அந்த ஷேர்டுங்கறது கார்டுல இருக்கற மெமரியே கிடையாது. உங்க ராம்ல சுமாரா பாதிய, தேவைப்பட்டா கார்டு கடன் வாங்கிக்கலாம்னு விண்டோஸ் ஒதுக்கி வச்சிருக்கற லிமிட், அவ்ளோ தான். இவன் மெஷின்ல 4 ஜிபி ரொம்பி வழிஞ்சு 2.6 ஜிபி கடன்ல ஓடிட்டு இருக்கு. இன்னொரு 16 வாங்கிப் போட்டா என்ன ஆகும்? ஷேர்டு 7.9 போய் 15.9ன்னு காட்டும். கடன் லிமிட் ஏறும், லேக் அப்படியே தான் இருக்கும்.

ஏன்னு அவனுக்குப் புரிய வைக்க கல்யாண மண்டபத்தை இழுத்தேன். நம்ம ஊர் மண்டபங்கள்ல நெறைய எடத்துல சமையல் கீழ, பந்தி மாடில. கீழ பெரிய அண்டால சாம்பார் இருக்கு, அது ராம். மாடில பரிமாறறவங்க கைல இருக்கற வாளி தான் விராம், அதாவது கார்டுலயே இருக்கற மெமரி. நடுவுல இருக்கற மாடிப்படி பிசிஐஇ ஸ்லாட், கார்டை மதர்போர்டுல சொருகற எடம். வாளி சின்னதா இருந்தா நாலு இலைக்கு ஒரு தடவ கீழ ஓடணும், மாடில ஆள் சோத்தைக் குழி பண்ணி வச்சுட்டு உக்காந்திருப்பான். நீங்க கீழ இன்னொரு அண்டா வச்சு என்ன பிரயோஜனம், படி அதே படி தானே. கிராபிக்ஸ் சிப்புங்கறது பெரிய பந்தி வேற, ஆர்டிஎக்ஸ் 3060ங்கற கார்டுல கணக்கு போடற கோர் மட்டும் 3584 இருக்கு, அத்தனை இலையும் ஒரே நேரத்துல கை நீட்டும். சிபியு அப்படி இல்ல, ஆறு பேர் எட்டு பேர் தான், ஆனா கேட்டது உடனே வரணும்னு எதிர்பாக்கற ஆளுங்க.

நம்பரா சொல்லணும்னா டிடிஆர்4 3200 ராம் ஒரு ஸ்டிக்குக்கு செகண்டுக்கு 25.6 ஜிபி. ரெண்டு ஸ்டிக் டூயல் சேனல்ல போட்டா 51.2. டிடிஆர்5 6000 ரெண்டு போட்டா 96. இப்ப கார்டு பக்கம் வாங்க, 3060 12 ஜிபி கார்டுல மெமரி பஸ், அதாவது சிப்புக்கும் மெமரிக்கும் நடுவுல இருக்கற வழி, 192 பிட், ஒவ்வொரு பிட் லைன்லயும் செகண்டுக்கு 15 கிகாபிட், பெருக்கி எட்டால வகுத்தா (எட்டு பிட் ஒரு பைட்) 360 ஜிபி. அந்த மெமரி சிப்பெல்லாம் ஜிபியுவைச் சுத்தி ரெண்டு மூணு சென்டிமீட்டர்ல ஒட்டிக்கிட்டு இருக்கறதால தான் இவ்ளோ வேகம். அதனாலயே சால்டர் பண்ணிடறாங்க, ராம் மாதிரி கழட்டி மாட்ட முடியாது. சைனால சில பேர் 2080 டிஐ கார்டுல மெமரி சிப்பைப் பேத்து 11 ஜிபியை 22 ஆக்கி விக்கறாங்க, அதெல்லாம் நம்ம வேலை இல்ல.

இப்ப மாடிப்படி. பிசிஐஇ 3.0ல 16 லேன், அதாவது டேட்டா போற பாதை இருந்தா ஒரு பக்கத்துக்கு செகண்டுக்கு கிட்டத்தட்ட 16 ஜிபி, 4.0ல 32. இவன் கார்டு பேர் வேண்டாம், அது நாலே லேன் தான் போட்டு வர்ற டைப்பு. போர்டோ 3.0. நாலு லேன் 3.0ன்னா செகண்டுக்கு சுமார் 4 ஜிபி. கார்டுக்குள்ள 144 ஜிபி வேகத்துல ஓடறவன், 4 ஜிபி ரொம்புன அடுத்த நிமிஷம் 4 ஜிபி வேகப் படில ஏறி இறங்கணும். இதுல எங்க இருந்து ஸ்மூத்தா ஓடும்.

நானும் ஒரு காலத்துல இதே மாதிரி ஏமாந்தவன் தான், பையன்கிட்ட இதைச் சொல்லல. பல வருஷம் முன்னாடி ஒரு சின்ன கார்டு வாங்கப் போயி, ஒரே பேர்ல ரெண்டு டப்பா, ஒன்னுல 4 ஜிபி டிடிஆர்3, இன்னொன்னுல 1 ஜிபி ஜிடிடிஆர்5, அது கிராபிக்ஸுக்குன்னே செஞ்ச வேகமான மெமரி. நான் பெரிய புத்திசாலி மாதிரி 4 ஜிபியைத் தூக்கிட்டு வந்தேன். அந்த 1 ஜிபி கார்டு வச்சிருந்த ரூம்மேட் என்னை விட நல்லா விளையாடினான். வாளி பெருசு, ஆனா அடில சின்ன ஓட்டை வழியா தான் ஊத்தணும்னா எப்படி. ஜிடி 1030ங்கற கார்டுலயும் இந்தக் குழப்பம் உண்டு, 2017ல வந்தது ஜிடிடிஆர்5, 48 ஜிபி வேகம், அடுத்த வருஷம் அதே பேர்ல டிடிஆர்4 போட்டு வந்ததுல 16.8 தான். டப்பால ரெண்டுலயும் 2 ஜிபின்னே இருக்கும். அதனால டப்பால ஜிபிக்குப் பக்கத்துல இருக்கற எழுத்தைப் படிங்க, அதுல தான் விஷயமே இருக்கு.

2014ல வந்த ஜிடிஎக்ஸ் 970 இன்னும் வேடிக்கை, 4 ஜிபின்னு வித்தாங்க, ஆனா அதுல 3.5 தான் வேகமான பகுதி, மிச்ச அரை ஜிபி நொண்டி. அமெரிக்கால கேஸ் போட்டு, வாங்குனவங்களுக்கு கார்டுக்கு 30 டாலர் குடுக்கற மாதிரி செட்டில்மென்ட் ஆச்சு.

அப்போ விராம்ல அப்படி என்ன தான் ரொம்புது? ஸ்கிரீன்ல தெரியற படம்னு நெனைப்பாங்க, அது சும்மா. 1080பில ஒரு ஃபிரேம் 8 எம்பி சொச்சம், 4கேனாலும் 33 எம்பி. டெக்ஸ்சர், அதாவது கேம்ல ஒவ்வொரு பொருள் மேலயும் ஒட்டற படம், அது தான் சாப்பிடுது. 4096க்கு 4096 டெக்ஸ்சர் ஒன்னு கம்ப்ரஸ் பண்ணாம 64 எம்பி, நல்லா கம்ப்ரஸ் பண்ணாலும் 16. ஒரு தெருவுல சுவர், ரோடு, சட்டை, மூஞ்சின்னு இந்த மாதிரி நூத்துக்கணக்குல. அதனால தான் மொதல்ல டெக்ஸ்சரை மட்டும் அல்ட்ராலேந்து மீடியத்துக்கு இறக்குடான்னேன். இறக்கினான், ஷேர்டு 2.6லேந்து 0.4க்கு வந்துச்சு, கேம் ஓட ஆரம்பிச்சுது. காசே செலவில்ல! ஆனா சுவரெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்குன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டான்.

ராம் பத்தாததுக்கும் விராம் பத்தாததுக்கும் அறிகுறியே வேற வேற. ராம் பத்தலனா மெஷினே திணறும், கேம்லேந்து வெளிய வந்தா டெஸ்க்டாப் வர பத்து செகண்டு, குரோம் டேப் ஒவ்வொன்னும் மறுபடி லோட் ஆகும், எஸ்எஸ்டி லைட் வெறி புடிச்ச மாதிரி மின்னும். விராம் பத்தலனா கேம் மட்டும் தான் அடி வாங்கும், நேரா நடந்தா செகண்டுக்கு 60 ஃபிரேம், சட்டுன்னு திரும்புனா ஒரு குத்து, சுவர் ரெண்டு செகண்டு மங்கலா இருந்துட்டு அப்புறம் தெளிவாகும். இவனுக்கு ரெண்டாவது.

இதே கூட்டத்துல அவன் ஃப்ரெண்டு ஒருத்தன் 5600ஜின்னு கிராபிக்ஸ் உள்ளயே இருக்கற சிபியு வச்சிருக்கான், தனி கார்டு கிடையாது. அவன் கம்ப்ளைண்ட், "அண்ணா 16 ஜிபி வாங்குனேன், 13.9 தான் காட்டுது, கடைல ஏமாத்திட்டாங்க." ஏமாத்தல தம்பி, உள்ள இருக்கற கிராபிக்ஸுக்குன்னு பயாஸ்ல, அதாவது மதர்போர்டோட செட்டிங்ஸ்ல, 2 ஜிபி ஒதுக்கி வச்சிருக்கு. இந்த மாதிரி மெஷின்ல வாளி தனியா கிடையாது, அண்டாலேந்து தான் நேரா பரிமாறணும். அதனால இங்க மட்டும் ராம் தான் எல்லாமே, ஒரே 16 ஸ்டிக் போடறதுக்கு பதில் ரெண்டு 8 போட்டா வேகம் டபுள், கேம்ல கண்ணுக்கே தெரியும். நான் மேல சொன்னதெல்லாம் இவனுக்கு அப்படியே தலைகீழ். இதைச் சொல்லாம "ராம் வாங்காத"ன்னு பொதுவா அட்வைஸ் பண்ணா பாவம் சேரும்.

கடைசியா பழைய கார்டைத் தள்ளிட்டு செகண்ட்ஹேண்ட் 3060 12 ஜிபி எடுத்தோம். 4060 புதுசு, வேகமும் ஜாஸ்தி, ஆனா 8 ஜிபி தான், பஸ்ஸும் 128 பிட். பையன் பிளெண்டர்னு 3டி படம் செய்யற சாஃப்ட்வேர் போடறான், அதோட வீட்டுலயே சின்ன ஏஐ மாடல் ஓட்டிப் பாக்கணும்னு வேற ஆசை. அங்க விராம் கணக்கு இன்னும் பச்சையா தெரியும், உள்ள 7 பில்லியன் நம்பர் இருக்கற மாடலை நம்பருக்கு 4 பிட்ல வச்சா சுமார் 4 ஜிபி, ஒவ்வொரு டோக்கனுக்கும், அதாவது பதில்ல வர்ற ஒவ்வொரு சொல் துண்டுக்கும், மொத்தத்தையும் ஒரு தடவ படிக்கணும், 360ஐ 4ஆல வகுத்தா செகண்டுக்கு 90 தான் உச்சம். அதையே ராம்ல ஒத்த ஸ்டிக்ல ஓட்டுனா ஆறு.

கார்டு மாட்ட கேபினெட்டைத் திறந்தப்ப தான் ராம் எந்த வேகத்துல ஓடுதுன்னு ஒரு சந்தேகம் வந்து பாத்தேன். 3200 ஸ்டிக், 2400ல ஓடிட்டு இருக்கு, வாங்குன நாள்லேந்து பயாஸ்ல எக்ஸ்எம்பி, அதாவது ராமை அதோட முழு வேகத்துல ஓட விடற செட்டிங், ஆன் பண்ணவே இல்ல. ஆன் பண்ணி விட்டேன். "இது ஃப்ரீயா மாமா?"ன்னான். ஃப்ரீ தான்டா.

ரெண்டாவது ராம் ஸ்லாட் இன்னும் காலியா தான் இருக்கு. விலை இறங்குனா பாக்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன், அவன் வாரத்துக்கு ரெண்டு தடவ ஸ்கிரீன்ஷாட் அனுப்பிட்டு இருக்கான், இறங்கற வழியக் காணோம்.