கூலன்ட் குறைந்தால் ஊற்றுவதற்கு முன்

காரின் டேங்கில் கூலன்ட், அதாவது என்ஜினின் சூட்டைத் தணிக்கும் திரவம், குறைந்திருப்பதைப் பார்த்ததும் கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்புவதுதான் பலரின் வழக்கம். வண்டியும் ஓடும். கொஞ்ச நாளில் மறுபடி குறையும், மறுபடி ஊற்றுவார்கள். காரின் கூலிங் சிஸ்டம் மூடிய சுற்று. பெட்ரோல் மாதிரி கூலன்ட் செலவாகித் தீர்வதில்லை. நல்ல நிலையில் உள்ள வண்டியில் மாதக்கணக்கில் டேங்கின் அளவு கண்ணுக்குத் தெரிகிற அளவில் மாறாது. அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை, ஊற்றுவது அதற்குப் பிறகு.

அதற்கும் முன்னால் ரேடியேட்டர் அல்லது டேங்கின் மூடி. சூடான என்ஜினில் இதைத் திறப்பதால் முகமும் கையும் வெந்துபோகும் விபத்துகள் இன்றும் நடக்கின்றன. கூலன்டும் தண்ணீரும் சரிபாதி கலந்த கலவை திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் அதே கலவை உள்ளே சுமார் 128 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். என்ஜின் 115 டிகிரியில் இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் இறங்கிவிடும், உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து ஆவியோடு மேலே பீய்ச்சும். ஆவி அடங்காத குக்கரைத் திறப்பது போலத்தான், ஆனால் இங்கே லிட்டர் கணக்கில். வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் ஆனதும் திறக்கலாம் என்பதும் தவறு. நிறுத்தியதும் வாட்டர் பம்ப் நின்றுவிடுகிறது, என்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டின் வெப்பம் அங்கேயே தேங்கிய கூலன்டுக்குள் இறங்குகிறது. அதனால் முதல் சில நிமிடங்களில் அந்த இடத்தில் சூடு ஏறவே செய்யும்.

குறைந்தது ஒரு மணி நேரம் பொறுங்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பார்ப்பது இன்னும் நல்லது. ரேடியேட்டரின் மேல்ஹோஸைத் தடித்த துணி வைத்து அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. மெத்தென்று அமுங்கி, கைக்குச் சூடும் தெரியவில்லை என்றால் மட்டும் மூடியில் கை வையுங்கள். அப்போதும் மூடியின் மேல் துணியைப் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்து, கால் சுற்று மட்டும் திருப்பி நிறுத்துங்கள். 'உஸ்' என்று சத்தம் வந்தால் திரும்ப மூடிவிட்டு இன்னும் காத்திருங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். பல வண்டிகளில் என்ஜின் நின்ற பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும், அதன் பக்கம் கை போகக்கூடாது.

அளவு பார்ப்பது எளிது. சமதரையில், ஆறிய என்ஜினில், டேங்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். ரேடியேட்டரின் தலையிலேயே மூடி உள்ள வண்டிகளில் பக்கத்து டேங்கை மட்டும் நம்பாதீர்கள். மூடி சரியாக வேலை செய்யாவிட்டால் டேங்க் நிறைந்திருக்க, ரேடியேட்டர் காலியாக இருக்கும். மூடியைத் திறந்தால் கூலன்ட் கழுத்து வரை நிற்க வேண்டும்.

அந்த மூடியையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அடியில் ஸ்பிரிங்கோடு ஒரு வால்வு, அதன் நடுவில் பொத்தான் அளவுக்கு இன்னொரு சின்ன வால்வு. பெரியது அழுத்தம் மிஞ்சும்போது கூலன்டை டேங்குக்கு விடும், சின்னது என்ஜின் ஆறும்போது அதைத் திரும்ப உள்ளே இழுக்கும். சின்னது ஒட்டிக்கொண்டால் ஆறிய வண்டியில் மேல்ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். ரப்பர் வளையத்தில் வெடிப்போ பள்ளமோ இருந்தால் அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரமே கொதித்து வெளியேறும். மூடியின் மேல் 0.9, 1.1 என்றோ 88, 108 என்றோ எண் இருக்கும். முன்னது ஏறக்குறைய பார் அளவு, பின்னது கிலோபாஸ்கல். மாற்றும்போது அதே எண்ணை வாங்குங்கள். அதிக எண் போட்டால் ஹோஸோ ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரமோ பிளந்துகொள்ளும். காரணம் தெரியாத சூட்டுக்குத் தெர்மோஸ்டாட்டைக் (சூடேறியதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) கழற்றுவதற்கு முன் மூடியை மாற்றிப் பார்ப்பது செலவு குறைந்த வழி.

கசிவு தேடும்போது ஈரத்தை மட்டும் பார்க்காதீர்கள். சூடான இடத்தில் கசிந்தது உடனே காய்ந்து, வெள்ளையாகவோ கூலன்டின் நிறத்திலோ பொரிந்த தடமாகத்தான் நிற்கும். ஹோஸ் கிளாம்புகளின் ஓரம், ரேடியேட்டரின் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேரும் விளிம்பு, வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சின்ன ஓட்டை ஆகியவை முக்கியம். அந்த ஓட்டையில் தடம் இருந்தால் பம்ப்பின் சீல் போய்விட்டது. ஹோஸை நசுக்கும்போது நொறுநொறுவென்று கேட்டாலோ, கிளாம்ப் பக்கம் உப்பியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். வண்டிக்குள் இனிப்பான வாடை, முன்கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி மூட்டம், முன் இருக்கையின் கால் விரிப்பில் ஈரம் இருந்தால் ஹீட்டர் கோரைச் (வண்டிக்குள் சூடான காற்று தரும் சின்ன ரேடியேட்டர்) சந்தேகியுங்கள். வெளியே எங்கும் தடம் இல்லாமல் கூலன்ட் மட்டும் குறைகிறது, டேங்கில் விடாமல் குமிழி வருகிறது, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக உள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்த நிலையில் கூலன்ட் ஊற்றி ஓட்டுவது என்ஜினையே பலி கொடுப்பதுதான்.

எதை ஊற்றுவது? நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிகள் சேர்க்கும் சாயம். உள்ளே உள்ள அரிப்புத் தடுப்பான்களின் வகைதான் முக்கியம், அது வண்டியின் கையேட்டில் குறியீடாக எழுதியிருக்கும். பொருந்தாத வகைகளைக் கலந்தால் தடுப்பான்கள் சீக்கிரம் தேயும், சில சேர்க்கைகளில் கொழகொழவென்று படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டிய கெட்டிக் கூலன்டா, நேரடியாக ஊற்றும் தயார் கலவையா என்று கேனின் லேபிளில் படியுங்கள். கெட்டிக் கூலன்டைத் தனியாக ஊற்றினால் பாதுகாப்பு அதிகமாகாது. தண்ணீரைவிடக் குறைந்த வெப்பத்தைத்தான் அது சுமக்கும். சரிபாதிக் கலவை பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி, அது சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கலக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீரின் உப்பு சூடான சுவர்களில் காறையாகப் படியும், அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தை அரிக்கும்.

கொஞ்சம் குறைந்ததற்கு அதே வகைக் கலவையை மேல்கோடு வரை ஊற்றினால் போதும், கோட்டைத் தாண்ட வேண்டாம். சூடாகி விரிவதற்கு அந்த இடம் வேண்டும்.

முழுதாக மாற்றுவதில்தான் கணக்கு தவறுகிறது. மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடித் திருகைத் திருப்பினால் சுமார் 4 லிட்டர்தான் இறங்கும். மீதி என்ஜின் பிளாக்கிலும் ஹீட்டர் கோரிலும் தங்கிவிடும். டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி, ஓட்டி, இறக்கி, தெளிவாக வரும்வரை கழுவினால் உள்ளே தங்குவது 2 லிட்டர் வெறும் தண்ணீர். இப்போது 4 லிட்டர் தயார் கலவையை ஊற்றினால் 6 லிட்டரில் கூலன்ட் 2 லிட்டர்தான், அதாவது 33 சதவீதம். அதனால் கழுவிய பிறகு முதலில் கெட்டிக் கூலன்ட் 3 லிட்டர், அதன்மேல் டிஸ்டில்டு வாட்டர் நிறைகிற வரை. பிறகு ரிஃப்ராக்டோமீட்டரில் (கலவையின் விகிதத்தைக் காட்டும் கருவி) ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் கலவை சரியா என்று தெரிந்துவிடும்.

மெதுவாக ஊற்றுங்கள், அவசரப்பட்டால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். ஏர் எடுக்கும் திருகு இருந்தால் அதைத் திறந்து வைத்து, குமிழி இல்லாமல் கூலன்ட் ஒரே தாரையாக வந்ததும் மூடுங்கள். வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்து நின்றால் மூடி இருக்கும் பக்கத்துக்குக் காற்று வரும். பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து என்ஜினை ஓடவிடுங்கள். மூடியைத் திறந்து வைத்து ஓடவிடுவதா, போட்டு வைத்து ஓடவிடுவதா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். திறந்து வைத்தால் அளவு மேலேறத் தொடங்கியதும் மூடிவிட வேண்டும். ஆறியே இருந்த மேல்ஹோஸ் திடீரென்று சூடாகும்போது தெர்மோஸ்டாட் திறந்திருக்கிறது. சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ்ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே கீழ்ஹோஸ் சூடாவதைக் கவனியுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நின்றபின் என்ஜினை அணையுங்கள். டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது, டாஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று சத்தம் கேட்கிறது என்றால் உள்ளே ஏர் லாக், அதாவது காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. என்ஜினை நிறுத்தி, முழுதாக ஆறவிட்டு, மறுபடி ஏர் எடுங்கள்.

வழியில் முள் சிவப்பை எட்டினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, பத்திரமான இடத்தில் ஓரம்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். குளிர்ந்த தண்ணீரைச் சூடான என்ஜினுக்குள் ஊற்றினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடலாம், வெடித்தும் போகலாம். முள் திடீரென்று கீழே இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். கூலன்ட் சுத்தமாகத் தீர்ந்து, சென்சார் வெறும் காற்றில் நிற்கும்போதும் முள் இறங்கும்.

ஹைபிரிட், மின்சார வண்டிகளில் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் தனிச் சுற்றுகள் உண்டு, சிலவற்றுக்கு மின்கடத்தல் குறைந்த சிறப்புக் கூலன்ட் வேண்டும். அவற்றைத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பிடம் விட்டுவிடுங்கள்.

இறக்கிய பழைய கூலன்டைத் தரையில் விடவே கூடாது. பெரும்பாலானவற்றில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கிவிட்டால் கொஞ்சமே போதும், சிறுநீரகம் செயலிழந்து செத்துவிடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. சிந்தியதை உடனே துடைத்து அந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பழையதை மூடியுள்ள கேனில் பெயர் எழுதி வைத்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கேட்டுக் கொடுங்கள். குடிக்கும் தண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

மாற்றிய மறுநாள் காலை ஆறிய என்ஜினில் அளவு சற்றுக் குறைந்திருந்தால் பயப்பட வேண்டாம், மிச்சக் காற்று வெளியேறியிருக்கும். கோடு வரை ஊற்றி, டேங்கின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டுத் தேதியையும் எழுதுங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகும் அந்தக் கோட்டிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தால் ஒர்க்‌ஷாப்பில் பிரஷர் டெஸ்டர் மாட்டி, மூடியின் எண் அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றி, 15 நிமிடம் முள் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.