நான்கு கால்களும் ஓர் ஊக்கும்

நேற்று ராத்திரி பத்தரை மணிக்குச் செயலாளரிடமிருந்து போன். "அக்கா, சங்கத்து வெள்ளிவிழா மலருக்கு எடுத்து வைத்த 31ஆம் படத்தில் நான்கு கால் தெரிகிறது. இரண்டு அண்ணனுடையது. மீதி இரண்டு யாருடையது?"

"பார்த்துச் சொல்கிறேன் தம்பி" என்று வைத்துவிட்டேன். பார்க்க என்ன இருக்கிறது? என் கால் எனக்குத் தெரியாதா?

எல்லாம் "மட்டும்" என்ற ஒரு சொல்லில் நான் ஏமாந்ததால் வந்தது. மாடல் ரயில் சங்கத்துக்கு 25 வயதாகிறது, மலர் போடுகிறோம், வரலாற்றை மட்டும் நீங்கள் தட்டச்சு செய்து கொடுங்கள் என்றார்கள். சரி, நாலு பக்கம் வரும் என்று நினைத்தேன். சங்கத்துப் பெரியவர் ஒருவரின் கையெழுத்தில் 60 பக்கம் வந்தது. அதில் 22ஆம் பக்கம் வரைக்கும் நம் சங்கம் பிறக்கவே இல்லை.

அவர் 1891இல் ஆரம்பிக்கிறார். அந்த வருஷம் ஜெர்மனியில் லைப்சிக் சந்தையில் மெர்க்லின் கம்பெனிக்காரர்கள் பொம்மை ரயிலை ஒரே அளவுத் தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி வரிசையாகக் கொண்டுவந்து வைத்தார்களாம். இன்று ஒரு வண்டி வாங்கினால் அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி, அதற்கடுத்த பிறந்தநாளுக்கு நாலு துண்டுத் தண்டவாளம் என்று வாங்கிச் சேர்க்கலாம். ஒரு குடும்பத் தலைவரின் சம்பளம் பிற்காலத்தில் எங்கே போகப்போகிறது என்பதை 1891லேயே யாரோ உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள். நான் எதிர்காலத்தில் யார் மீது கோபப்பட வேண்டும் என்பது இப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் 1910, லண்டனில் ஒரு சங்கம், இந்த வகையில் உலகிலேயே பழையது அதுதான். அப்புறம் 1920, லிவர்பூலில் ஹார்ன்பி என்பவரின் சாவி கொடுக்கும் பொம்மை ரயில். அப்புறம்தான் 2001, நம் சங்கம். அதே 2001இல் ஹாம்பர்க் நகரில் மினியேச்சர் வுண்டர்லாண்ட் திறந்தார்களாம். அது வளர்ந்து வளர்ந்து உலகின் மிகப் பெரிய மாடல் ரயில் என்று கின்னஸில் ஏறிவிட்டது. "நம் சங்கமும் அதன் உடன்பிறப்பே" என்று எழுதியிருக்கிறார் பெரியவர். உடன்பிறப்புகளில் ஒன்று உருப்படுவதும் ஒன்று அதே அறையில் அதே மேஜையில் உட்கார்ந்திருப்பதும் எல்லாக் குடும்பத்திலும் உள்ளதுதானே.

எங்கள் சங்கத்தின் உண்மையான வரலாறு மினிட்ஸ் நோட்டில் இருக்கிறது. அது சண்டைகளின் வரலாறு. முதல் வருஷச் சண்டை அளவு பற்றி. எச்ஓ என்று ஒரு அளவு, நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. ஓஓ என்று இன்னொன்று, 76இல் ஒரு பங்கு. இரண்டும் ஓடுவது அதே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில். ஏனென்றால் பிரிட்டிஷ் எஞ்சின்கள் நிஜத்திலேயே கொஞ்சம் ஒல்லி. அவற்றை எச்ஓ அளவுக்குச் சுருக்கினால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே போகவில்லை. சரி, உடம்பை மட்டும் பெரிதாக்கு, கால் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். நாற்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் நடப்பதுதான். இதற்குப் போய் ஒன்பது கூட்டம், இரண்டு ராஜினாமா. 160இல் ஒரு பங்கு என்கிற குட்டி அளவுக்காரர்கள் இந்தச் சண்டையே வேண்டாம் என்று பிரிந்து போனார்கள், அறையின் எதிர் மூலைக்கு.

இரண்டாவது பிரிவினை இன்னும் ஆழமானது. பலகைக்கு மேலே இருப்பவர்கள், பலகைக்கு அடியில் இருப்பவர்கள். மேலே இருப்பவர்கள் மலைக்குப் பச்சை அடிப்பார்கள், மரம் நடுவார்கள், ஒரு சென்டிமீட்டர் உயர மனிதனுக்குச் சட்டைப் பொத்தான் வரைவார்கள். அடியில் இருப்பவர்களுக்கு ஒயர்தான் உலகம். இது எங்கள் ஊர்க் குணம் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். அமெரிக்காவில் எம்ஐடி தொழில்நுட்பக் கழக மாணவர்கள் 1946இல் தொடங்கிய சங்கத்திலும் இதே கதைதானாம். அங்கே அடியில் கிடந்தவர்கள் தொலைபேசி நிலையத்து ரிலே என்கிற மின்சார சுவிட்சுகளை வைத்து ரயிலை ஓட்டிப் பழகி, பிறகு கணினிக்குத் தாவினார்கள். ஹேக்கர் என்கிற சொல்லே அந்தக் கும்பலிடமிருந்துதான் பரவியது என்கிறார் பெரியவர். இதைப் படித்துக் காட்டியபோது எங்கள் வீட்டு அடிப்பலகைக்காரர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். வீட்டு அழைப்பு மணி ஏழு மாதமாக வேலை செய்யவில்லை என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

அடியில் கிடந்ததன் விளைவு, நிறுவன உறுப்பினரான இவருக்கு ஆல்பத்தில் முகமே கிடையாது. மூத்தவளும் நானும் 200 படத்தைப் புரட்டினோம். மந்திரி மாதிரி எல்லோரும் நிற்கிறார்கள், கீழே இரண்டு பாதம் நீட்டிக்கொண்டிருக்கிறது. ரிப்பன் வெட்டுகிறார்கள், இரண்டு பாதம். கடைசியில், "நிறுவனர் (இடமிருந்து மூன்றாவது கால்)" என்று போட்டுவிடலாமா என்றான் சின்னவன்.

அந்த 31ஆம் படத்துக்கு வருகிறேன். மூன்றாம் ஆண்டுக் கண்காட்சி. மலரில் இதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது, "மாபெரும் இருட்டடிப்பு". நல்ல கூட்டம். திடீரென்று நான்கு வண்டியும் நின்றுபோயின. ஷார்ட். இரண்டு தண்டவாளத்தில் ஒன்று பாசிட்டிவ், ஒன்று நெகட்டிவ், இடையில் ஒரு உலோகத் துணுக்கு விழுந்தால் போதும், மொத்தமும் படுத்துவிடும். இவர் பலகைக்கு அடியில் பாய்ந்தார். டார்ச் பிடிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் இழுத்தார். நாற்பது நிமிஷம். ஒயர் ஒயராகப் பிடுங்கிப் பார்த்தார். பிறகு வண்டிகள் தாமாகவே ஓடின. "காரணம் இன்றுவரை புலப்படவில்லை" என்று மினிட்ஸ் நோட்டில் இருக்கிறது. நானே அதைத் தட்டச்சு செய்தேன், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

காரணம் எனக்குப் புலப்பட்டிருந்தது. என் செருப்பு வாரில் எப்போதும் ஒரு ஊக்கு இருக்கும், உங்களுக்குத் தெரியாததா. அன்று வார் பிடுங்கிக்கொண்டது. ஊக்கைக் கழற்றி, ஒரு நொடிதான், அந்தக் குட்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வைத்தேன். அது உருண்டு எங்கே போகும்? டார்ச் பிடித்து இடுப்பு விட்டுப்போய் வெளியே வந்து நிமிர்ந்தால், இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே பாலம் போட்ட மாதிரி படுத்திருக்கிறது. யாரும் பார்க்காமல் எடுத்து, குனிந்து, செருப்பில் குத்திக்கொண்டேன். வண்டி கிளம்பியது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்த இருட்டடிப்பால்தான் சங்கம் டிஜிட்டலுக்கு மாறியது என்று அத்தியாயம் முடிகிறது. பழைய முறையில் மின்சாரம் கொடுத்தால் அந்தத் தண்டவாளத்தில் நிற்கிற எல்லா எஞ்சினும் கிளம்பும். டிஜிட்டலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், கூப்பிட்டது மட்டும் வரும். நம் வீட்டில் இது இன்னும் அமலுக்கு வரவில்லை. "பழைய ஒயரிங்கை இனி நம்ப முடியாது, காரணம் தெரியாத கோளாறு அபாயம்" என்று கூட்டத்தில் முழங்கியவர் இவர்தான். மாற்றி முடிக்க இரண்டு வருஷம், ஞாயிறு தவறாமல். என் ஊக்கால் வந்த வினை என்று நானும் வாயைத் திறக்காமல் இரண்டு வருஷம் பொறுத்துக்கொண்டேன்.

போனை வைத்ததும் படத்தை இவரிடம் காட்டினேன். நான்காவது காலில் செருப்பு வார் ஊக்கில்லாமல் தொங்குகிறது. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். முகம் கனிந்த மாதிரிகூட இருந்தது.

"பெயரைப் போடச் சொல்லிவிடு" என்றார். "காரணம் தெரியவில்லை என்பது அப்படியே இருக்கட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"அடியில் படுத்திருப்பவனுக்குக் காலைத் தவிர வேறென்ன தெரியும்? ஊக்கு திரும்ப வந்தது, வண்டி ஓடியது."

மனசு அப்படியே இளகிப்போயிற்று. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை காட்டிக்கொடுக்கவில்லையே மனிதர் என்று விளக்கை அணைத்துப் படுத்தேன். ஒரு மணி வரைக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு மணிக்குத்தான் கணக்கு உதைத்தது. ஒயரிங்கில் ஒரு கோளாறும் இல்லை என்று தெரிந்தே, இரண்டு வருஷம், 104 ஞாயிறு!

எழுப்பிக் கேட்டேன். டிஜிட்டல் நல்லதுதானே என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போர்வைக்கு வெளியே இரண்டு பாதம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.