லைக்கா எம்3: இரண்டு இழுப்பில் ஒரு படம்

35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் பதிந்ததும் அடுத்த படத்துக்காகச் சுருள் அதன் ஓரத்திலுள்ள 8 துளைகள், அதாவது 38 மி.மீ., நகர்ந்தாக வேண்டும். படத்தின் அகலம் 36 மி.மீ. என்பதால், இரு படங்களுக்கு நடுவே 2 மி.மீ. இடைவெளி விழும்.

ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்து 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமராவில் இந்த வேலையை மேல்தட்டிலுள்ள ஒரு குமிழ் செய்தது. அதைத் திருகும்போது ஃபிலிம் நகர்வதோடு ஷட்டரும் (ஒளியைத் திறந்து மூடும் திரை) அடுத்த படத்துக்குத் தயாராக இழுத்து வைக்கப்படும். ஆகவே சுருளை நகர்த்த மறந்து, ஒரு படத்தின் மேல் இன்னொன்றைப் பதித்துவிடும் பேச்சுக்கே இடமில்லை. குமிழோடு சேர்ந்து ஷட்டர் வேகத் தட்டும் சுழலும் என்பதால், சுருளை நகர்த்திய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். 1932இல் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரத்தை அளந்து குவியத்தைக் காட்டும் கருவி) இணைந்து, கண்ணை வைத்தபடியே குவியம் பார்க்க முடிந்தபோதும் குமிழ் மாறவில்லை. அதைத் திருக இரண்டு விரல்கள் வேண்டியிருந்ததால், ஒவ்வொரு படத்துக்கும் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்குவதே வழக்கமாக இருந்தது.

1954இல் வந்த எம்3 குமிழை விட்டு லீவருக்கு மாறியது. ஒரு படத்துக்கு அதைக் கட்டைவிரலால் இருமுறை இழுக்க வேண்டும். வேகமாக ஒரே வீச்சில் இழுத்தால் ஃபிலிம் கிழியலாம், உராய்வில் மின்பொறி எழுந்து கோடு விழலாம் என்ற அச்சமே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1958 வாக்கில் எம்3-உம் ஒற்றை இழுப்புக்கு மாறிவிட்டது. பழைய ஏற்பாட்டைக் குறையாகவே பலர் பேசுகிறார்கள். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. இடது கண்ணால் பார்ப்பவர்களுக்கு (நானும் அந்தக் கட்சிதான்) லீவரின் நீண்ட வீச்சில் கட்டைவிரல் வலது கண்ணருகே வந்து முட்டும். குட்டையான இரண்டு இழுப்புகளில் அந்தத் தொல்லை குறைவு. பின்னாளைய எம் கேமராக்களிலும் லீவரைச் சிறு சிறு இழுப்புகளாகத் தள்ள முடியும் என்பதால், விரும்பியவர்கள் பழைய வழக்கத்தைத் தொடரலாம்.

இழுக்கும்போது இடப்பக்கத்து ரீவைண்ட் குமிழ் (முடிந்த சுருளைத் திரும்பச் சுற்றுவது) கூடவே சுழல்கிறதா என்று பார்ப்பது அவசியம். சுருளின் தொய்வை முதலில் இறுக்கிய பின்னும் அது அசையாமல் நின்றால், ஃபிலிம் பற்சக்கரத்தில் மாட்டவில்லை என்று பொருள்.

1956இல் வந்த கேனன் விடி, கேமராவின் அடித்தட்டிலிருந்து மடக்கி எடுக்கும் விசையை இடக்கை விரலால் இழுக்கச் செய்தது. வலக்கை விரல் ஷட்டர் பொத்தானிலேயே இருக்கலாம், கண்ணும் அகல வேண்டாம். இடக்கண்காரர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனாலும் சந்தையில் நிலைத்தது லீவர்தான். 2004இல் வந்த எப்சன் ஆர்-டி1 என்னும் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரில்கூட, நகர்த்த ஃபிலிம் இல்லாதபோதும், ஷட்டரை இழுத்து வைக்க ஒரு லீவர் இருந்தது.