கிளட்ச் பெடல் தரைக்குப் போயிருச்சு, நான் ரெண்டு வாரம் வண்டிக்கு அடியில தேடுனேன்

ஆசனூர்ல ஒறம்பரை வூட்டு விசேசத்துக்குப் போயிட்டு திம்பம் இறங்கி வந்தமுங்க. 27 கொண்டை ஊசி வளைவுலயும் ஒண்ணும் பண்ணல, கீழ பண்ணாரி கோயில்ல நிறுத்தி சாமி கும்பிட்டுட்டு வந்து ஸ்டார்ட் பண்ணி கிளட்ச்ச அமுத்துனா பெடல் பொதக்குன்னு தரைக்குப் போயி அங்கயே படுத்துக்குச்சு. காலை எடுத்தா மேல வரல, கட்டைவிரல அடியில குடுத்து தூக்குனாத்தான் வருது, மறுபடி அமுத்துனா ஒரு கனமும் இல்ல. கியர் கர்ருனு கத்துதே தவிர உள்ள போகமாட்டீங்குது. "மலை மேல நிக்காம இங்க வந்து நின்னுச்சே, அதுக்கே கும்புடு கண்ணு"ன்னு அம்மா.

வண்டி பத்து வருசப் பழசு, டீசலு, 1 லட்சத்து 12 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. கேபிள் கிளட்ச் கிடையாது, ஹைட்ராலிக். அதாவது பெடல அமுத்துனா மேல இருக்கற மாஸ்டர் சிலிண்டர் ஃப்ளூயிட தள்ளும், அது பைப் வழியா கியர் பாக்ஸ் கிட்ட இருக்கற ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகும், ஸ்லேவ் ஃபோர்க்குங்கற நெம்புகோல தள்ளும், ஃபோர்க் பேரிங்க தள்ளி, கிளட்ச் டிஸ்க்க இன்ஜினோட அழுத்திப் புடிச்சிருக்கற பிரஷர் பிளேட்ட விடுவிக்கும். நம்ம கால்ல தெரியற கனம் அந்தக் கடைசியில இருக்கற ஸ்பிரிங்கோட கனம். கால்ல கனமே இல்லைன்னா நடுவுல எங்கியோ ஃப்ளூயிட் ஓடிருச்சு இல்ல காத்து பூந்துருச்சுன்னு அர்த்தம். இதெல்லாம் இப்ப தெளிவா எழுதறேன், அன்னைக்கு வெயில்ல இவ்வளவு தெளிவு இல்லீங்க.

சும்மா பத்துப் பதினஞ்சு வாட்டி கடகடன்னு பம்ப் பண்ணேன், லேசா கனம் வந்துச்சு, அப்படியே ஃபர்ஸ்ட் கியர் விழுந்துருச்சு. அரியப்பம்பாளையத்துல இருக்கற மாமா வூடு வரைக்கும் செகண்ட்லயும் தேர்ட்லயும் உருட்டிட்டே வந்தேன். நின்னா இன்ஜின ஆஃப் பண்ணி, ஃபர்ஸ்ட் போட்டு, சாவியத் திருகுனா வண்டி ஸ்டார்ட்டர்லயே குதிச்சு கிளம்பும். முன்னால ஆளு நிக்கறப்ப இத செய்யாதீங்க, ஸ்டார்ட்டருக்கும் நல்லதில்ல, ஆனா அன்னைக்கு வேற வழி இல்ல.

மாமா கூப்புட்டு வந்த மெக்கானிக் வண்டிக்குள்ள ஏறக்கூட இல்ல, "கிளட்ச் செட் போயிருச்சுங்க, கியர் பாக்ஸ் இறக்கணும்"னுட்டார். எனக்கு ஒப்பல. டிஸ்க் தேஞ்சிருந்தா ரேஸ் பண்ணா இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி இழுக்காது. நம்முளுது ஸ்டார்ட்டருக்கே குதிக்குது, அப்ப டிஸ்க் நல்லாத்தான் புடிக்குது, விடத்தான் மாட்டீங்குது. சரி, ஃபோர்க் உடைஞ்சிருக்கும், பேரிங் போயிருக்கும்னு வெச்சுக்கிட்டாலும், உடைஞ்ச ஃபோர்க் பம்ப் பண்ணா ஒட்டிக்குமா? "சித்தெ இருங்க மாமா, நானே பாக்கறேன்"னுட்டு மெக்கானிக்க அனுப்பிச்சேன்.

பானட்ட தொறந்தா ஃப்ளூயிட் டேங்க்ல மினிமம் கோட்டுக்குக் கீழ இருக்கு. பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டேங்க்தான், ஆனா கிளட்ச் ட்யூப் டேங்க்ல மேல்பக்கமா இருக்கும், கிளட்ச் பக்கம் எல்லாம் ஒழுகிப் போனாலும் பிரேக்குக்குக் கொஞ்சம் மிஞ்சட்டும்னு அப்படி வெச்சிருக்காங்க. அதனாலதான் பிரேக் கல்லு மாதிரி இருந்துச்சு. பிரேக் பேட் தேய்ஞ்சாலும் லெவல் இறங்கும், அதனாலதான் இறங்கியிருக்குன்னு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டது மொத தப்பு.

ஸ்லேவ் சிலிண்டர் ரப்பர் பூட்ட விலக்கிப் பாத்தேன், ஈரமே இல்ல. பைப் முழுக்க துணியால தொடைச்சுப் பாத்தேன், காஞ்சு கிடக்கு. டாட் 4 பிரேக் ஃப்ளூயிட் அரை லிட்டர் வாங்கியாந்து ப்ளீட் பண்ணலாம்னு, அதாவது உள்ள பூந்த காத்த வெளியேத்தலாம்னு உக்காந்தோம். ஸ்லேவ்ல காத்து வெளிய வர்றதுக்கு இருக்கற நிப்பிள்ல மொதல்ல தோட்டத்து சொட்டு நீர் ட்யூப்ப சொருகுனேன், அது கறுப்பு, உள்ள குமிழி வருதா இல்லையான்னே தெரியல, அப்புறம் ஹார்ட்வேர் கடையில கொத்தனார் லெவல் ட்யூப் ஒரு மீட்டர் வாங்கினேன். மச்சினன் உள்ள, நான் அடியில. "அமுத்து மாப்ள... புடி... உடாத... இப்ப உடு." நிப்பிள மூடறதுக்கு முந்தி காலை எடுத்துட்டான்னா காத்து திரும்ப உள்ள போயிரும், ரெண்டு வாட்டி எடுத்தான். ஒரு மணி நேரத்துல பெடல் ஜம்முனு வந்துருச்சு, மெக்கானிக்க விட நான் பெரிய ஆளுன்னு ஒரு மெதப்புல கோபிக்கு வந்து சேந்தேன்.

பத்தே நாளுங்க. சிக்னல்ல ஃபர்ஸ்ட் போட்டு மெதுவா அமுத்திப் புடிச்சிருந்தா பெடல் தானா கீழ இறங்குது, வண்டி முன்னால ஊருது. வெடுக்குன்னு அமுத்துனா சரியா இருக்கு. மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ஃப்ளூயிட அடைச்சு வெக்கற ரப்பர் சீல் போனா இதேதான் நடக்கும், மெதுவா அமுத்தறப்ப ஃப்ளூயிட் சீல தாண்டி நழுவிரும். நானோ திரும்பவும் அடியில பூந்து ஸ்லேவத்தான் பாத்துட்டு இருந்தேன்.

அப்பத்தான் அம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சு. ஒரு மாசத்துக்கு முன்ன வண்டி மிதியடி துவைக்கறப்ப "என்றா பிசுபிசுங்குது, எண்ணெய் கொட்டுனியா"ன்னாங்க, காங்கேயத்துல இருந்து தேங்காயெண்ணெய் கேன் கொண்டாந்தப்ப சிந்திருக்கும்னு நான் சொல்லிட்டேன். தலைய பெடலுக்குக் கீழ விட்டு டார்ச் அடிச்சுப் பாத்தா, பெடல் பிராக்கெட்ல பெயிண்டே உரிஞ்சு தொங்குது. பிரேக் ஃப்ளூயிட் பெயிண்ட தின்னுரும். மாஸ்டர்ல இருந்து வர்ற கம்பி மேல இருக்கற ரப்பர விரல்ல தள்ளுனேன், குபுக்குனு சட்டையெல்லாம் நனைஞ்சுருச்சு. வெளிய ஒரு சொட்டு இல்லாம அத்தனையும் வண்டிக்குள்ள மிதியடிக்கு அடியில ஒழுகியிருக்கு.

கழட்டறது ரெண்டே நட்டுதான், ஆனா தலைகீழா படுத்து நீட்டு எக்ஸ்டென்ஷன் போட்டு, அந்த ஸ்ப்ளிட் பின்ன எடுக்க மட்டும் முக்கால் மணி நேரம், கழுத்து நாலு நாளு திரும்பல. பிரிச்சுப் பாத்தா சிலிண்டர் உள்சுவர்ல துருப்புள்ளி. 200 ரூவா கிட்ட சீல் கிட் மாட்டலாம்னு நினைச்சிருந்தேன், துரு மேல புது சீல் எத்தன நாளைக்குத் தாங்கும், ஈரோட்ல 1,450 ரூவாய்க்கு முழு சிலிண்டரே வாங்கிட்டேன். பழைய ஃப்ளூயிட் கடுங்காப்பி நெறத்துல இருந்துச்சு, ஈரத்த உறிஞ்சி உறிஞ்சி அப்படி ஆயிருக்கு, அதுதான் துருவுக்கும் காரணம்னு நினைக்கறேன். பிரேக் லைனுக்கும் ஒட்டுக்கா மாத்தணும், அடுத்த ஞாயிறு.

போன வாரம் திம்பம் ஏறி இறங்கியாச்சு, பெடல் மேலயே நிக்குது. மிதியடிய எடுத்துட்டு அங்க ஒரு வெள்ளை அட்டையப் போட்டு வெச்சிருக்கேன், இன்னைக்கு காலைல பாத்தப்பவும் அட்டை காஞ்சுதான் கிடந்துச்சு.