மூக்குடைந்த மல்டிடூல்

2024 தீபாவளி விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை காலையிலேயே, பிளையரும் கத்தியும் ஒன்றாக மடங்கும் என் கைக்கருவியின், அதாவது மல்டிடூலின் மூக்கு உடைந்தது. கூடவே என் மூக்கும். "இது சும்மா பிளையர் இல்லண்ணே, சாமான் வேற" என்று ஏழு வருஷமாகப் பட்டறை முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தவன் நான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் சாலையில் உள்ளே போனால் வரும் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம் ஒன்றில் வண்டி பழுதுபார்ப்பது என் வேலை. அன்று குலை ஏற்றும் டிரெய்லரின் சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. அச்சு நட்டுக்குக் குறுக்கே போட்டிருக்கும் ஸ்பிலிட் பின் துருவேறி நட்டோடு ஒட்டிக் கிடந்தது. நீளமூக்கு பிளையர் ஜீப்பில் இருந்தது. ஜீப் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், நாற்பது அடி தூரம். நாற்பது அடி நடக்கச் சோம்பல்பட்டு இடுப்பிலிருந்த மல்டிடூலை எடுத்தேன். பின்னின் காதைக் கவ்வி இழுத்தேன், வரவில்லை. கவ்விய கையோடு பக்கவாட்டில் நெம்பினேன். 'டக்' என்றது. பின்தான் அறுந்தது என்று சந்தோஷப்பட்டேன். பின்னோ அப்படியே இருந்தது. பிளையரின் ஒரு தாடையில் நுனி மட்டும், அரிசி மணி நீளத்துக்குக் காணோம்.

எந்த நிறுவனத்துச் சாமான் என்று சொல்லப் போவதில்லை, தப்பு பாதிக்கு மேல் என்னுடையது. 2017இல் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) காசைச் சேர்த்து ஈப்போவில் ஒரு கடையில் வாங்கினேன். நானூறு வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, கொஞ்சம் கூட. அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

இந்த வகைச் சாமானை உலகத்துக்குப் பழக்கப்படுத்தியது அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த டிம் லெதர்மேன். 1975இல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றியபோது, காரும் மக்கர் பண்ண, தங்கிய அறைகளில் குழாயும் ஒழுக, பையிலிருந்த சின்னக் கத்தியில் பிளையர் இல்லையே என்று தவித்திருக்கிறார். அதிலிருந்து பிறந்த யோசனை 1983இல்தான் விற்பனைக்கு வந்தது. அவருடைய நிறுவனம் 25 வருஷ உத்தரவாதம் தருகிறது. விக்டோரினாக்ஸ் நிறுவனம் ஸ்விஸ்டூல் என்ற தன் மல்டிடூலுக்கு ஆயுள் முழுக்க என்கிறது. கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் எந்த உத்தரவாதத்தையும் கீழ்வரை படித்தால் ஒரே சங்கதிதான்: மூலப்பொருளிலோ செய்முறையிலோ குறை இருந்தால் அவர்கள் பொறுப்பு. தேய்மானமும் முரட்டுப் பிரயோகமும் நம் தலையில்.

வெல்டர் அண்ணன் துண்டுபட்ட மூக்கைப் பார்த்துவிட்டு, "விடு தம்பி, ரெண்டு புள்ளி வெச்சா ஒட்டிக்கும், இதுக்குப் போயி யார்கிட்டலா கெஞ்சப் போற" என்றார். அவர் கைவேலை மேல் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் இந்த எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினப்படுத்தியிருப்பார்கள். வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பதம் போய்விடும். ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும். அதோடு, வெல்டிங் வைத்த சாமானை எந்த சர்வீஸ்காரரும் திரும்பிப் பார்க்க மாட்டார். அண்ணனுக்கு இதைச் சொன்னதில் இரண்டு நாள் வருத்தம்.

அன்றிரவு ரசீதைத் தேடினேன். பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. மடிப்பைப் பிரித்தால் வெள்ளைத் தாள். கடைகளில் மெஷின் கக்கும் ரசீதெல்லாம் சூட்டில் கறுக்கும் காகிதம், மையே கிடையாது, வருஷம் போனால் எழுத்தும் போய்விடும். வாங்கின அன்றே கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. கோலாலம்பூரிலிருக்கும் ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் எழுதியபோது, கைப்பிடியின் உள்பக்கம் பொடி எழுத்தில் நான்கு இலக்கம் இருக்கும், அதைப் படமெடுத்து அனுப்புங்கள் என்றார்கள். தயாரித்த மாதமும் வருஷமும் அது. அசல் சாமான்தானா, தங்கள் வழியாக இந்த நாட்டுக்குள் வந்ததா என்றும் பார்த்தார்கள். இணையத்தில் நூறு வெள்ளி குறைவு என்று வேறு வழியில் தருவித்தவர்களுக்கு இங்கே கதவு திறக்காது.

அடுத்து அவர்கள் கேட்டதுதான் என்னை ஆட்டிவைத்தது. "உடைந்த துண்டு இருக்கிறதா? இருந்தால் சேர்த்து அனுப்புங்கள்."

அரிசி மணி அளவுத் துண்டு, மழைக்காலத்துச் சேற்றில், குலையிலிருந்து உதிர்ந்த பழமும் எண்ணெயும் மிதிபட்டுக் கிடக்கும் இடத்தில். மறுநாள் இடைவேளையில் ஒரு பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கயிற்றில் கட்டி, டிரெய்லர் நின்ற இடத்தில் இழுத்துக்கொண்டு நடந்தேன். மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "என்ன தம்பி, மீன் பிடிக்கிறியா?" என்றார். எவர்சில்வர் டம்ளரில் காந்தம் ஒட்டாது, துருப்பிடிக்காத இரும்பு காந்தத்துக்கு வருமா என்று அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் கத்திக்கும் பிளையருக்கும் எடுப்பது வேறு ரகம், கார்பன் கூடுதலாகச் சேர்த்துக் கடினப்படுத்தினது. அதில் காந்தம் ஒட்டும். இரண்டு ஆணி, ஒரு வாஷர், கம்பித் துணுக்குகள், அதற்கப்புறம்தான் துண்டு அகப்பட்டது.

அதைத் துடைத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். துண்டை ஏன் கேட்டார்கள் என்று அப்போது புரிந்தது. முறிந்த முகத்தில் ஊசிமுனை அளவு பொத்தல்கள் இருந்தால் செய்யும்போதே உள்ளே குறை. ஓரத்தில் ஒரு பகுதி மட்டும் கறுத்தோ துருவேறியோ இருந்தால் முன்பே விரிசல் விட்டிருந்தது, கடைசி இழுப்பில் மிச்சமும் போனது. என் துண்டின் முகம் சர்க்கரையை உடைத்தது போல, ஒரே சாம்பல் நிறத்தில் பொடிமணியாக மின்னியது. பொத்தலும் இல்லை, கறையும் இல்லை. ஒரே நெம்பில் போனது என்று அதுவே சொல்லிக்கொண்டிருந்தது.

ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: "எப்படிப் பழுதானது?"

பட்டறையே கூடி எனக்கு வாசகம் எழுதிக் கொடுத்தது. "சாதாரணமாகக் கம்பியைப் பிடித்தபோது தானாக உடைந்தது" என்று போடச் சொன்னார் ஒருவர். "கீழே விழுந்து உடைந்தது" என்றார் இன்னொருவர். வெல்டர் அண்ணன், கோபம் தணிந்திருந்ததால், "வெட்டியா எதுக்கு உண்மைய எழுதி நானூறு வெள்ளிய தொலைக்கிற" என்றார். நானும் பொய்யை ஒரு தரம் பென்சிலில் எழுதிப் பார்த்தவன்தான். நேர்மை பொங்கி வழிந்து அழிக்கவில்லை, துண்டையும் கூடவே அனுப்புகிறோமே, அது காட்டிக்கொடுத்துவிடுமே என்றுதான் அழித்தேன். "ஸ்பிலிட் பின்னைக் கவ்விப் பக்கவாட்டில் நெம்பினேன்" என்று உள்ளதை எழுதினேன்.

எழுத உட்கார்ந்த பிறகு இன்னொரு குறையும் ஞாபகம் வந்தது. கத்தியைத் திறந்தால் உள்ளேயிருந்து ஒரு தகடு வந்து முட்டுக்கொடுத்து மடங்காமல் பூட்டும். ஒரு வருஷமாக அது சரியாக முட்டவில்லை, முதுகில் கட்டைவிரலால் அழுத்தினால் மடங்கப் பார்க்கும். விரலுக்கு ஆபத்தான குறை அதுதான், அதை விட்டுவிட்டு மூக்குக்கு அழுதுகொண்டிருந்தேன். கத்தியில் குழிகுழியாகத் துருப்புள்ளியும் உண்டு. உரமூட்டை அறுத்த வினை. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகின் மேல் படலத்தைத் துளைத்து உள்ளே குழி தோண்டுவதில் அதற்கு நிகர் இல்லை. அறுத்த கையோடு தண்ணீரில் கழுவித் துடைத்திருக்க வேண்டும். நான் காற்சட்டையில் தேய்த்து மடக்கிவிடுவேன். இதையும் எழுதினேன்.

அனுப்பும் முன் சுத்தம் செய்வது மரியாதை. பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்த சுடுதண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மூட்டு மூட்டாகத் தேய்த்தேன். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. மூட்டுகளில் கறுப்புப் பிசினாக அடைந்திருந்தது எல்லாம் அம்மாவின் யோசனைப்படி நான் ஏழு வருஷம் ஊற்றிய தேங்காய் எண்ணெய். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளடைவில் கெட்டுப் பிசுக்காகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். திருகாணிகளை மட்டும் தொடவில்லை. நட்சத்திரக் குழி, நடுவில் ஒரு முளை, கண்டவர் திறக்கக்கூடாது என்பதற்காகவே வைத்தது. நாமே திறந்தால் உத்தரவாதம் போச்சு.

உறையை வீட்டில் வைத்துவிட்டேன், அதற்கு உத்தரவாதம் இல்லை, தொலைந்தால் நஷ்டம். துண்டை மாத்திரைப் பொட்டலத்தில் போட்டு டேப் ஒட்டினேன். சனிக்கிழமை காலை ஊருக்குள் அஞ்சலகம் போனால் ரோட்டுவரி கட்ட வந்தவர்களோடு ஒரு மணி நேர வரிசை. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் உள்ளே என்ன என்று கேட்டார். "பிளையர், சின்னக் கத்தியும் மடங்கி இருக்கு, ரிப்பேருக்குப் போகுது" என்று ஏஜெண்டின் கடிதத்தைக் காட்டினேன். தலையாட்டி வாங்கிக்கொண்டார். கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு போனதற்கு வேறு காரணமும் உண்டு. பொது இடத்தில் தகுந்த காரணம் இல்லாமல் கத்தி வைத்திருப்பது 1958ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். வேலை உடுப்பில் தோட்டத்துக்குள் இருப்பது வேறு, சனிக்கிழமை சட்டையோடு டவுனில் திரிவது வேறு.

பிறகு ஏழு வாரம். சொல்ல ஒன்றுமில்லை. இடுப்பு லேசாக இருந்தது, கை அடிக்கொருதரம் அங்கே போய் வெறுமனே திரும்பியது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இருபத்தைந்து வெள்ளிக்கு ஒரு மல்டிடூல் வாங்கினேன். எட்டாம் நாள் அதன் இரண்டு கைப்பிடியும் தனித்தனித் திசையில் போயின. ஐந்தாம் வாரம் அனுப்பிய செய்திக்குப் பதில் வராதபோது பயனீட்டாளர் (நுகர்வோர்) தீர்ப்பாயம் வரை யோசித்தேன். ஐந்து வெள்ளி கட்டினால் போதும், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். 1999ஆம் வருஷப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் சாமான் நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்பதும் அடக்கம். ஆனால் நானே நெம்பி உடைத்ததாக நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் தீர்ப்பாயத்தில் போய் நிற்பது!

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு பொட்டலம் வந்தது. பட்டறையில் எல்லார் முன்னாலும் பிரிக்க வேண்டியதாயிற்று. உள்ளே ஒரு தாள்: மூக்கு முறிந்தது உபயோகித்த விதத்தால், உத்தரவாதத்தில் சேராது, இந்த ஒரு முறை மட்டும் இலவசமாக மாற்றியிருக்கிறோம். பூட்டுத் தகடு எங்கள் பொறுப்பு, அதோடு கத்தியும் புதிது. திருப்பி அனுப்பிய செலவு பத்து வெள்ளி. வெல்டர் அண்ணன் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "பொய் எழுதியிருந்தா?" என்றார். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

கைப்பிடி என்னுடையதுதான். கீறல்கள், பேட்டரி பொறி பட்டுக் கருகிய புள்ளி எல்லாம் அப்படியே இருந்தன. பலருக்கு முழுசாகப் புதுசு வந்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்ததால், பழைய கைப்பிடி வேண்டும் என்று படிவத்தின் ஓரத்தில் எழுதியிருந்தேன். கத்தியைப் பற்றி எழுதத் தோன்றவில்லை.

வீட்டில் அம்மா வாங்கி விரித்துப் பார்த்தார். இருபது வருஷம் பால்மரம் வெட்டினவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) முன்னால் உளி தீட்டின கல் இன்னும் கிணற்றடியில் இருக்கிறது, நடுவில் குழிந்து. என் கத்தியை மாதம் ஒருமுறை அதில்தான் போட்டுத் தருவார். ஏழு வருஷத்தில் அது ஒடுங்கி, அடிவயிறு உள்வாங்கி, உரமூட்டைத் தையலில் நுழைத்தால் தானாக ஓடும்.

"இது யாரு கத்தி?" என்றார்.

"புதுசு மாத்திட்டாங்கம்மா. சும்மாவே."

"பழசு? என் கல்லு பாதி தின்ன கத்தியாச்சே அது."

அன்றே ஏஜெண்டுக்கு எழுதினேன். மாற்றிய பாகங்கள் தயாரிப்பாளருக்குத் திரும்பிப் போய்விடும் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

புதுக் கத்தி தொழிற்சாலைக் கூரோடு, கனத்த முதுகோடு இருக்கிறது. போன ஞாயிறு அம்மா மூன்றாவது முறையாகக் கல்லில் போட்டார். தையல் நூலில் இன்னும் இரண்டு இடத்தில் மாட்டுகிறது.