ஒரு செவிலியரின் புத்தகம்: ஒப்பந்தமும் எழுத்துருவும் படுத்திய பாடு

புதிதாக எழுத வருகிறவர்களின் பிரதிகளைப் படித்து, அவை நூலாகும்வரை உடனிருப்பதைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அண்மையில் அப்படி வந்தது, கல்வராயன் மலைக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அக்காவின் பணிக்கால நினைவுகள். எழுத்தைச் செப்பனிடுவதில் சிரமமே இல்லை. பிரசவம் பார்த்த பெண்களின் பெயரையும் ஊரையும் மாற்றினோம், அரசுத் திட்டங்களை விளக்கிய ஓர் அத்தியாயத்தை அவரே மனமுவந்து நீக்கினார். தொல்லையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஆசிரியர் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் சென்னைப் பதிப்பகம் ஒன்று நூலை வெளியிட முன்வந்தது. ஒப்பந்தத்தை முன்கூட்டியே அனுப்பும்படி பலமுறை கேட்டும், நேரில்தான் தருவோம் என்றார்கள். அக்கா இரவுப் பேருந்தில் புறப்பட்டுக் கிளாம்பாக்கத்தில் வந்திறங்கினார். நான் அங்கிருந்து அழைத்துச் சென்றேன். உரிமையாளர் இல்லை. மேலாளர் நீட்டிய தாளில், "இந்நூலின் அனைத்து உரிமைகளும் பதிப்பகத்தையே சாரும்" என்று ஒரே வரி இருந்தது. எத்தனை ஆண்டுகளுக்கு, மின்னூலும் ஒலிநூலும் மொழிபெயர்ப்பும் இதில் அடங்குமா, உரிமைத்தொகை எவ்வளவு என்று எதுவும் இல்லை. கேட்டதற்கு, "எல்லாருக்கும் இதேதான் மேடம். மாத்தணும்னா ஓனர் வரணும், அவர் அடுத்த வாரம்தான் வருவார்" என்றார். அக்கா பேனாவைத் திறந்துவிட்டார். "இவ்வளவு தூரம் வந்தாச்சு தம்பி, போட்டுடட்டுமா?" என்றார். வேண்டாம் என்று கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்பன குறிப்பிடப்பட வேண்டும். காலம் சொல்லப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு சொல்லப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். ஆகவே அந்த ஒற்றை வரியில் கையெழுத்திட்டிருந்தாலும் நூல் என்றென்றைக்கும் கைவிட்டுப் போயிருக்காது என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். ஆனால் அதை நிலைநாட்ட வழக்கறிஞரிடம் போக வேண்டியவர், ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பெண். அச்சுச் செலவுப் பட்டியலில், நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கென்று தனிக் கட்டணமும் சேர்க்கப்பட்டிருந்ததைப் பார்த்த பிறகு, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தோம். அந்த ஒரு நாள் அலைச்சலை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தியாவில் ஐஎஸ்பிஎன் எண்ணை வழங்குவது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய நிறுவனம். அதற்குக் கட்டணம் கிடையாது. தம் நூலைத் தாமே வெளியிடுகிற ஆசிரியரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அக்கா தம் பெயரிலேயே வாங்கினார். விண்ணப்பத்தில் எழுதும் தலைப்பு, நூலின் தலைப்புப் பக்கத்தில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும்.

தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்துவிட்டதால், நூறு பிரதிகளோடு தொடங்க ஓர் அச்சகம் ஒப்புக்கொண்டது. அங்கே வேறொரு சிக்கல் காத்திருந்தது. அக்காவின் ஊரில் தட்டச்சு செய்தவர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தார். பக்க வடிவமைப்பாளர் கோப்பு முழுவதையும் அப்படியே, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றினார். பாமினியில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஆங்கில விசை ஒன்றின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால், மாற்றி நிரலுக்கு ஆங்கிலச் சொல் எது, தமிழ்ச் சொல் எது என்று தெரியாது. ஆங்கிலத்தில் அடிக்கப்பட்டிருந்த மருந்துப் பெயர்களும் அளவுகளும் பொருளற்ற தமிழ் எழுத்துக்களாகிவிட்டன. ரத்தப்போக்கை நிறுத்த ஆக்சிடோசின் போட்ட அந்த இரவைப் பற்றிய பக்கத்தில், மருந்தின் பெயரே இல்லை. செவிலியர் எழுதிய நூலில் இப்படி ஒரு பிழை அச்சேறியிருந்தால் யார் அவரை நம்புவார்கள்? மாற்றுவதற்கு முன்பே ஆங்கிலச் சொற்களைத் தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தமிழிலேயே அடிக்கச் செய்துவிடுங்கள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. மாற்றிய பிறகு "மௌனம்" என்பது மெ, ள என இரண்டு எழுத்துகளாகப் பிரிந்துவிடும். பார்வைக்கு வேறுபாடு இருக்காது. மெய்ப்பில் ஒரு வரி "மெ" என்று முடிந்து, அடுத்த வரி "ளனம்" என்று தொடங்கியபோதுதான் பிடிபட்டது. வடிவமைப்பாளர் உடனே, எகரத்தை அடுத்து ளகரம் வரும் இடங்களையெல்லாம் ஒரே கட்டளையில் ஔகாரமாக மாற்றிவிடலாம் என்றார். நல்லவேளை, தடுத்தோம். "மெள்ள" என்ற சொல் நூலெங்கும் இருந்தது. ஆற்றில் பிடித்த கெளுத்தி மீனும் ஓர் அத்தியாயத்தில் இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அக்கா மூக்குக்கண்ணாடியும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்து, தட்டச்சு செய்த மூலத் தாளோடு ஒப்பிட்டு அதைச் செய்தார். எனக்குத் தப்பிய "கெளரவம்" ஒன்றையும் அவர்தான் கண்டுபிடித்தார். அப்போது அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தைப் பார்த்த எனக்கும் பெருமையாக இருந்தது.

நூல் வந்துவிட்டது. தாமே வெளியிடுவோர் கவனிக்காமல் விடும் ஒரு கடமையையும் சொல்லிவிடுகிறேன். நூல்களைப் பொது நூலகங்களுக்கு வழங்குவது பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான முப்பது நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட, அரசு அறிவித்துள்ள பிற பொது நூலகங்களுக்கும் வெளியிட்டவரே தம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். அக்காவின் பார்சல்கள் சென்ற வாரம் போய்விட்டன. ரசீதுகளைக் கோப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.