சன்னலுக்கு வெளியே கடல்

மண்டபம், பாம்பன் பகுதிக் கடலோரக் குடியிருப்புகளில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றிய ஆண்டுகளில், கடலில் பாசி எடுக்கும் பெண்கள் என்ன கேட்டாலும் வாய் திறக்க மாட்டார்கள் என்று ஆய்வுக்கு வருபவர்கள் குறைப்பட்டுக்கொள்வதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். துணை சுகாதார நிலையத்துக்குள் அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். சுவரையொட்டி வரிசையாகப் போட்ட பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கும் தடுப்பூசி அட்டவணையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேசைக்கு முன்னால் வந்தால், “ஒண்ணுமில்ல சிஸ்டர், மாத்திரை மட்டும் குடுங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் அதே பெண்கள், மரிக்கொழுந்துப் பாசியைக் கரையில் காயப்போட்டுவிட்டு ஓலைக் கொட்டகையில் வட்டமாக அமர்ந்து, விரல்களில் சுற்றிய ஈரத்துணியை அவிழ்த்துக்கொண்டே, பாறை கிழித்த காயம் முதல் வெள்ளைப்படுதல் வரை நான் கேட்காமலே சொல்வார்கள்.

இந்த வேறுபாடு இடத்தால் வருவது. கனடாவின் சஸ்காச்சுவான் மாநில மனநல மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஹம்ப்ரி ஆஸ்மண்ட், மனிதர்களை ஒன்றுசேர்க்கும் இடங்கள், விலக்கி வைக்கும் இடங்கள் என்ற பாகுபாட்டை 1957இல் முன்வைத்தார். அங்கே முதிய பெண்களின் வார்டில் சுவரோரம் கிடந்த நாற்காலிகளை உளவியலாளர் ராபர்ட் சோமர் சிறு மேசைகளைச் சுற்றிப் போட்டபோது, தொடக்கத்தில் முணுமுணுப்பு இருந்தாலும், சில வாரங்களில் அவர்களிடையே உரையாடல் ஏறத்தாழ இரு மடங்கானது. நானும் பெஞ்சுகளை ‘ட’ வடிவில் திருப்பிப் போட்டு, என் நாற்காலியை மேசைக்குப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டேன். காத்திருப்பவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். ஒருத்தி தயங்குவதை இன்னொருத்தி எனக்கு எடுத்துச் சொன்னாள்.

சன்னல் விஷயம் இவ்வளவு எளிதாக இல்லை. பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள் செங்கல் சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது என்று ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதிய கட்டுரை பெரிதும் பேசப்படுவது. அதை வைத்து, இயற்கைக் காட்சி என்றாலே மனத்துக்கு ஆறுதல் என்று பொதுவாக்கிவிடுகிறோம். எங்கள் நிலையத்தின் சன்னல் கடலைப் பார்த்தது. வடகடலுக்கு, அதாவது பாக் விரிகுடாவுக்கு, போன விசைப்படகு திரும்பாத நேரத்தில், ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டியிருக்கும் மனைவியின் கண் என் முகத்தில் நிற்காது. படகு பிடிபட்டதோ, இயந்திரம் பழுதோ என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில், படகுகள் கரையில் நிற்கும்போது, அதே பெண் அதே சன்னலருகே நிதானமாக அமர்ந்து பதில் சொல்வாள். வருமானக் கவலை இருந்தாலும் கடலை நோக்கிய பதற்றம் இருக்காது. சுற்றுலா வந்தவருக்கு ஓய்வு தரும் அந்த நீலம் இவளுக்கு வீட்டுக்காரரின் பணியிடம், சில வேளைகளில் ஆபத்தும்கூட. ஆகவே படகு கடலில் இருக்கும் நாட்களில் பெண்களைப் பின்புறப் பூவரசை நோக்கி உட்காரவைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

உள்நாட்டுக் கிராமத்துக்கும் கடற்கரைக்கும் ஒரே வரைபடத்தில் நிலையங்கள் கட்டுவதை நான் ஏற்கவில்லை. எங்கள் நிலையத்தின் வாசல் மீன் ஏலம் நடக்கும் திடலைப் பார்த்தபடி இருந்தது. யார் உள்ளே போகிறாள், எவ்வளவு நேரம் இருக்கிறாள் என்பது அத்தனை ஆண்களுக்கும் தெரிந்துவிடுவதால், கருத்தடை குறித்துக் கேட்க நினைத்தவர்கள் ஏலம் கலையும்வரை வெயிலில் காத்திருந்தார்கள், அல்லது வராமலே இருந்தார்கள். பதிவேட்டில் அது ‘விருப்பமின்மை’ என்று ஏறியது. பூவரசு நிற்கும் பக்கம் இன்னொரு வாசல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கே வைத்தால் பார்வை படாது என்பதை அந்தப் பெண்களே மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார்கள்.